நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சமா?
இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று டீசல் சிக்கனம் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். அது இப்போதைய காமன் ரெயில் வண்டிகளுக்கு, அதாவது டீசலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் வண்டிகளுக்குப் பொருந்தாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதை நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழலவைக்கும். நியூட்ரலுக்குத் தள்ளினால் இன்ஜின் அணையாமல் இருக்கவாவது டீசல் குடித்தாக வேண்டும். போதாததற்கு, கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கும் போச்சு. அதுசரி, எங்கள் செட்டிநாட்டில் இறக்கம் ஏது, கண்மாய்க் கரை ஏறி இறங்குவதுதான்! இங்கே டீசலைத் தின்பது வேகத்தடை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் தினமும் போய்வருகிறேன். முன்பெல்லாம் தடைக்குக் கிட்டே வந்துதான் பிரேக்கை மிதிப்பேன். இப்போது தூரத்தில் மஞ்சள் பலகை தெரிந்ததுமே காலை எடுத்துவிடுகிறேன், வண்டி கியரிலேயே தானாகத் தளர்ந்து வரும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். டேங்கை முழுக்க நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 20-ஐத் தொட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 40 வேகத்திலேயே ஐந்தாம் கியர் போடச் சொல்கிறார். இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தி கூட்டும் டர்போ விழிக்காத அந்தக் குறைந்த சுற்றில் இன்ஜின் முக்கும், வேகமெடுக்க அழுத்தி மிதிக்க வேண்டிவரும். என் வண்டி அந்த வேகத்தில் நான்கில்கூட லேசாக உதறுகிறது, மூன்றில்தான் சுகமாகப் போகிறது.