சார் மன்னரை வீழ்த்தியவர் லெனின் அல்ல

"1917 அக்டோபரில் லெனின் படையோடு அரண்மனைக்குள் புகுந்து சார் மன்னர் நிக்கோலஸை அரியணையிலிருந்து இறக்கினார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ரஷ்யாவின் சார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தது 1917 மார்ச் 15 அன்று, ப்ஸ்கோவ் நகரில் நின்ற தன் ரயிலில். அப்போது லெனின் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்தார். அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடுக்கு அவர் வந்து சேர்ந்ததே ஏப்ரல் 16 அன்றுதான்.

சரி, அப்படியானால் யார் வீழ்த்தியது? மூன்றாம் ஆண்டாக நீண்ட முதல் உலகப் போர், எகிறிய விலைவாசி, ரொட்டிக்காகப் பனியில் நீண்ட வரிசை. மார்ச் 8, மகளிர் தினத்தன்று நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெண்களின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்ற ஆலைகளும் சேர்ந்துகொண்டன. மார்ச் 12-இல், கூட்டத்தைச் சுட அனுப்பப்பட்ட வோலின்ஸ்கி படைப்பிரிவே கலகம் செய்தது. அப்புறம் முன்னணித் தளபதிகளே பதவி விலகும்படி மன்னருக்குத் தந்தி அடித்தார்கள்.

பழைய நாட்காட்டிப்படி அக்டோபரில், லெனினின் கட்சியான போல்ஷெவிக்குகள் கவிழ்த்தது மன்னருக்குப் பின் வந்த கெரென்ஸ்கியின் இடைக்கால அரசை. அப்போது நிக்கோலஸ் சைபீரியாவின் டொபோல்ஸ்கில் காவலில் இருந்தார்.

முடிதுறப்புப் பத்திரத்திலேயே ப்ஸ்கோவ், மார்ச் 2 என்று இருக்கிறது. பழைய ரஷ்ய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது, அதனால்தான் இந்த வித்தியாசம். அந்த மார்ச்சில் லெனின் சூரிச்சிலிருந்து எழுதிய கடிதங்கள் அவரது தொகுப்பு நூல்களில் தேதியோடு உள்ளன. பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் தேதிகளையும் போட்டுவிடுங்கள்.