என் மூக்கைத் திருத்த ஊரே இருக்கிறது, அந்தச் செடியைப் பிடுங்கத்தான் ஆளில்லை

நாற்பதை நெருங்கும் வயதில் ஒருவனுக்குப் புதிதாக ஒவ்வாமை வரக்கூடும் என்பதை நம்ப ஏன் ஒருவரும் தயாராக இல்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. சர்க்கரை வந்தால், இரத்தக் கொதிப்பு வந்தால், முழங்கால் தேய்ந்தால், "இந்த வயதில் வரத்தான் செய்யும்" என்று தலையாட்டுகிறவர்கள், காலையில் எழுந்தவுடன் மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கடுக்காகத் தும்முகிறேன் என்றால் மட்டும், குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரைப் போல, "சின்ன வயதில் உனக்கு இது இல்லையே, இப்போது மட்டும் எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள். நான் ஏதோ வேலைக்கு மட்டம் போடுவதற்காகத் தும்மலை வரவழைத்துக்கொள்கிறேன் என்பது போன்ற தொனி அது.

எப்படி வந்தது என்பதற்கு விடை இருக்கிறது. கேட்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. பிழைப்புக்காகப் பெங்களூருக்குக் குடிவந்து, இங்கு காற்றில் மிதக்கும் மகரந்தத்தைச் சில ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லாமல் சுவாசித்தேன். அந்த அமைதியான காலத்திலேயே உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி, அதை மூக்கின் உட்சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் பதித்து வைத்துவிடுகிறது. பிறகு ஒரு பருவத்தில் அதே மகரந்தம் வந்து படும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்ட, தும்மலும் நீரொழுக்கும் கண்ணரிப்பும் ஒன்றாகக் கிளம்புகின்றன. இஷிசாகா என்னும் ஜப்பானிய ஆராய்ச்சித் தம்பதி இந்த எதிர்ப்பொருளைப் பற்றி 1966-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்தச் செய்தி எங்கள் தெருமுனை மருந்துக்கடை வரை வந்து சேரவில்லை.

அதனால் எல்லோருக்கும் இது சளிதான். காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை, ஒரு வாரத்தில் அடங்குவதும் இல்லை, மேலண்ணம் வேறு அரித்துத் தொலைக்கிறது என்று எத்தனை முறை விளக்கினாலும், ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் தலைக்குக் குளித்ததையும் தயிர் சாப்பிட்டதையும்தான் குற்றமாகப் படிக்கிறார். அம்மாவையாவது அன்பு என்று பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பெரியம்மா, கிருமி ஒழியட்டும் என்று சாம்பிராணிப் புகையை அறை முழுவதும் நிரப்பிவிட்டு, நான் இன்னும் பலமாகத் தும்முவதைப் பார்த்து, "பார்த்தாயா, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வருகிறது" என்று மகிழ்ந்ததை என்னவென்று சொல்வது? நல்ல காரியம் பேசும் இடத்தில் தும்மினால் அபசகுனம், அலுவலகத்தில் தும்மினால் தொற்று. ஒவ்வாமை யாருக்கும் ஒட்டாது என்று சொல்லியும், கொரோனாக் காலத்தில் பழகிய முகக்கவசங்கள் சட்டென்று பைகளிலிருந்து வெளியே வருகின்றன. (அவர்கள் அணிவதைவிட அது எனக்குத்தான் பயன்படும் என்பது வேறு கதை.)

மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு செட்டிரிசின் எடுத்துத் தருகிறார். அது தும்மலை நிறுத்துகிறது என்பது உண்மை, கூடவே என்னையும் நிறுத்திவிடுகிறது. பிற்பகல் கூட்டங்களில் விழித்திருப்பதே பெரும்பாடாகிவிடும். தூக்கத்தை அவ்வளவாகத் தராத ஃபெக்சோஃபெனடின் அதே அலமாரியில் இருந்தும், கேட்டால்தான் கைக்கு வருகிறது. இதைவிடக் கொடுமை, அடைப்பை உடனே திறக்கும் அந்த மூக்குச் சொட்டு மருந்து. சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும் என்பதை ஒரு வார்த்தை சொல்லாமல், மிட்டாய் விற்பது போல விற்கிறார்கள். நான் முதலில் பார்த்த மருத்துவரோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆன்டிபயாட்டிக் எழுதினார். மகரந்தத்தை எந்த ஆன்டிபயாட்டிக் கொல்லும் ஐயா?

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் சாறுகளை முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனையைச் செய்தார். கால் மணி நேரத்தில் தடித்துச் சிவந்து எழும்பியது பார்த்தீனியம் என்னும் களைச்செடியின் சாறு வைத்த இடம்.

என் கோபமெல்லாம் இங்கேதான் குவிகிறது. இங்குள்ளவர்கள் காங்கிரஸ் செடி என்று அழைக்கும் இந்தக் களை, 1950-களில் புனேவில் தென்பட்டு நாடெங்கும் பரவியது; இறக்குமதியான அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. கர்நாடக அரசு இதை ஒழிக்கவேண்டிய களை என்று 1975-லேயே அறிவித்தது. இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டினத்தைத் தருவித்து, 1984-இல் இதே பெங்களூரில் திறந்துவிட்டார்கள். அந்த வண்டுகளாவது மழைக்காலத்தில் தம்மால் முடிந்த மட்டும் இலையை மென்றுகொண்டிருக்கின்றன. மனிதர்களோ, கோடிக்கணக்கில் விலைபேசும் காலி மனைகளை ஆண்டுக்கணக்கில் இந்தச் செடிக்கு விட்டுவிட்டு எங்கோ இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைப் பேச்செடுத்தால், சாலையோரத்தில் பூத்துக் குலுங்கும் இளஞ்சிவப்பு டபேபுயா மரங்களைக் காட்டி, அவற்றால்தான் எனக்குத் தும்மல் என்கிறார்கள். அந்தப் பூக்களை நாடித் தேனீக்கள் வருகின்றன. அவற்றின் மகரந்தம் காற்றை நம்பி இருப்பதில்லை என்று சொன்னால், "எதற்கும் அந்தப் பக்கம் நடக்காதீர்கள்" என்று பதில் வருகிறது.

அப்படியும் விடாமல் புகார் கொடுத்தால், செடி வெள்ளை வெளேரென்று பூத்து முடித்த பிறகுதான் ஆட்கள் வருகிறார்கள். பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கவேண்டியதை, பூத்த பின் இயந்திரத்தால் வெட்டி, மகரந்தத்தைத் தெருவெங்கும் தூவி, விதையை மண்ணிலேயே உதிர்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் தொழிலாளர்களுக்குக் கையுறை இல்லை, முகத்துக்குத் துணிகூட இல்லை. தொட்டாலே தோல் வெந்து தடிக்கச் செய்யும் செடி இது என்பதை அவர்களை அனுப்பியவர்கள் அறிவார்களா? அடுத்த மழை வந்ததும் அதே மனையில் அதே செடி முளைக்கும், அதற்குள் எனக்கு இன்னும் நான்கு பேர் தயிரை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.