மாணவரைக் கேட்காத மாணவர் நல ஆய்வு

மாணவர் நல ஆய்வின் முன்னுரிமைகள் பற்றிய சென்ற வாரக் கூட்டத்தைக் குறித்துப் பலரும் எழுதிவிட்டார்கள்; நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பல்கலைக்கழக மாணவர்களின் உடல்நலப் பழக்கங்களிலும் மனநலத்திலும் அடுத்து எவற்றை ஆராய வேண்டும் என்ற முன்னுரிமைப் பட்டியலை முழுவதுமாக எழுதி முடித்த பிறகு, மாணவப் பிரதிநிதிகளை உள்ளே அழைத்துவிட்டு, அவர்களுடைய கருத்தும் கேட்கப்பட்டது என்று பதிவு செய்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யாரைப் பற்றிய ஆய்வோ, அவர்களைக் கேட்காமல் எது முக்கியம் என்று முடிவு செய்யக் கூடாது.

பட்டியலில் இருப்பவை தூக்கம், உடற்பயிற்சி, உணவு, கைபேசி, போதைப் பழக்கம். எல்லாமே மாணவர் செய்பவை; பல்கலைக்கழகம் செய்பவை ஒன்றுகூட இல்லை. எல்லாப் பாடங்களின் ஒப்படைப்புகளும் ஒரே வாரத்தில் வந்து விழுவதும், தேர்வு முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் தவிப்பதும், ஆலோசகரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருப்பதும் ஒருவருடைய நலத்தைப் பாதிக்காதா? மாணவர்களை முதலிலேயே கேட்டிருந்தால் இவைதான் முதலில் வந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், இதுபோன்ற ஓர் ஆய்வில், நிரப்பப்பட்ட படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. ஒரு படிவத்தில், தூக்கம் பற்றிய கேள்விக்கு எதிரே ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'தேர்வு வாரத்திலா, மற்ற நாட்களிலா?' எங்கள் அட்டவணையில் அதற்கு இடமில்லை. பொறுப்பாளரிடம் காட்டினேன், வட்டமிட்ட எண்ணை மட்டும் ஏற்றச் சொன்னார். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பதில் சொல்ல வந்தவர் கேட்டிருந்தார். அது எந்த அறிக்கையிலும் வரவில்லை.

மாணவர்களுக்கு ஆய்வுமுறை தெரியுமா என்று கேட்பீர்கள். பிரிட்டனில் 2004-இல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பின் முறையில், நோயாளிகளும் பராமரிப்பவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து அமர்ந்து, இன்னும் விடை கிடைக்காத கேள்விகளில் முக்கியமான பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நோயாளிக்குப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. வலி எங்கே என்று சொல்ல வலிப்பவரால் முடியும், அளப்பதற்குத்தான் ஆய்வாளர்.

தூக்கமும் உடற்பயிற்சியும் முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான். ஆனால் ஒரே ஒரு நாள் படிவம் கொடுத்து வாங்கினால், தூக்கம் கெட்டதால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வால் தூக்கம் கெட்டதா என்று எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. அதே மாணவர்களை முதலாண்டிலிருந்து இறுதியாண்டு வரை தொடர வேண்டும். அதற்குப் பணமில்லை என்கிறவர்களுக்கு, ஆண்டுதோறும் புதிய மாணவர்களிடம் அதே படிவத்தைக் கொடுத்து வாங்க மட்டும் பணம் இருக்கிறது. எத்தனை பேருக்குச் சிக்கல் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அவர்களில் 35 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறாவது இருந்திருக்கக் கூடும் என்று அது காட்டியது. இனி எது உதவும், எது உதவாது என்றல்லவா ஆராய வேண்டும்?

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று கூட்டம் முடிந்ததும் ஒருவர் சொன்னார். நான் மதிக்கும் மூத்தவர் அவர். அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி என்னவென்று அவருக்கும் தெரியும். கடந்த இரண்டு வாரங்களில், இறந்துவிட்டால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. 'ஏறக்குறைய ஒவ்வொரு நாளும்' என்று ஒரு பிள்ளை வட்டமிட்டுக் கொடுக்கிறது. படிவத்தில் பெயர் இல்லை. கட்டு அலமாரிக்குப் போகிறது. பல வாரங்கள் கழித்து ஒருவர் அந்தக் கட்டத்தில், அந்தப் பதிலுக்குரிய எண்ணான 3 என்று தட்டச்சு செய்கிறார். பெயர் கேட்காமல் இருப்பது நெறிமுறைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த நெறிமுறையைக் காக்கும்போதே, எழுந்து போய் உடனே யாரிடம் பேசலாம் என்ற ஒரு வரியைப் படிவத்தின் அடியில் அச்சிடுவதை யார் தடுத்தார்கள்? இதைப் பார்த்துக்கொண்டு எப்படி உணர்ச்சிவசப்படாமல் இருப்பது?

இந்தப் பட்டியலின்படி வரும் அடுத்த படிவத்தில் அந்த ஒன்பதாவது கேள்வி இருந்து, அழைத்தால் எடுக்கும் ஒருவருடைய தொலைபேசி எண் இல்லையென்றால், அதை என் வகுப்பில் நான் விநியோகிக்க மாட்டேன். துறைக்கு இதை எழுத்திலும் கொடுத்துவிட்டேன்.