நரியை விட்டுவிட்டால் பறவை மிஞ்சாது
ரிட்ஜ்வே நீர்க்கோழி என்ற சதுப்பு நிலப் பறவையைக் காக்க நரியைப் பிடிப்பது கொடுமை, இயற்கையே சமன் செய்துகொள்ளும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பறவை வாழும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் செந்நரி தானாக வந்ததல்ல, மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. அங்கே 2003இல் 15,000 ஏக்கருக்கு மேல் உப்பளங்களை வாங்கிச் சதுப்பு நிலமாக மீட்டு வருகிறார்கள். ஆனால் பழைய பாத்திக் கரைகள் பல அப்படியே நிற்கின்றன. கால் நனையாமல் நரி கூடு வரை போக அதுவே பாதை! ரிட்ஜ்வே நீர்க்கோழி தரையோடு ஒட்டிக் கூடு கட்டும். ஓதம் (கடல்நீர் ஏற்றம்) மிக உயரும் நாளில் செடிகள் மூழ்கிவிட்டால் ஒளிய இடமே கிடையாது. அதனால் பொறி வைப்பது அவசியம்தான். கூடவே வேண்டாத கரைகளை உடைக்க வேண்டும், ஓரங்களில் உயரமான செடிகளை வளர்க்க வேண்டும். அப்புறம், பூனைகளும் பறவையைப் பிடிக்கும்; கரையோரம் அவற்றுக்குத் தீனி வைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.