அக்கா, அது என்ன பாஷை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு என் கடையில் நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

மதுரை செல்லூரில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு ரொம்ப காலம் முன்பே நான் தனியாக வந்துவிட்டேன். கடைச் சுவரில் ஒரு டிவி உண்டு. முகூர்த்த மாதங்களில் இரவு 11 மணி வரை வேலை ஓடும், தூக்கம் வராமல் இருக்க அதுதான் துணை. பாட்டுப் போட்டி, காமெடிப் போட்டி, பிக் பாஸ் என்று எது ஓடினாலும் பார்ப்போம்.

மாடியில் ஒரு பியூட்டி பார்லர். அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு மணிப்பூர் சொந்த ஊர். 2023 மே மாதம் அங்கே கலவரம் தொடங்கிய பிறகு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தெற்கே வந்தவள். வயது 22. பார்லரைப் பூட்டியதும், கூடத் தங்கியிருக்கும் தோழி வரும்வரை என் கடை ஸ்டூலில் வந்து உட்காருவாள். சும்மா இருக்க மாட்டாள், கொக்கி தைத்துக் கொடுப்பாள். வீட்டில் பேசும் மொழி, இந்தி, இங்கிலீஷ், இப்போது தமிழ் என்று அவளுக்கு நான்கு பாஷை தெரியும். எங்கள் கடையில் யாருக்கும் ஒன்றுக்கு மேல் தெரியாது.

அன்றைக்கு ஒரு காமெடி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. சீனாக்காரன் வேஷத்தில் வந்த ஒருவர், இரண்டு கண் ஓரத்தையும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சிங் சாங் என்று வாய்க்கு வந்ததை உளறினார். நடுவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கடையில் ஹெம்மிங் போடும் பெண் சிரித்தாள், காஜா எடுக்கும் தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். விளம்பரம் வந்ததும் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, அவங்க பேசினது என்ன பாஷை?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. இத்தனை பேர் சிரிக்கிறார்களே, தமிழில் தனக்கு இன்னும் பிடிபடாத ஏதோ பேச்சு போல என்று நினைத்திருக்கிறாள். "அது பாஷையே இல்லம்மா" என்றேன். "அப்புறம் எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்க?" என்றாள். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றேன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிறையச் சொன்னாள். பஸ்ஸில் ஏறினால் பின்னாலிருந்து சைனா, நேபாளி என்று கூப்பிடுவார்களாம். ஆதார் அட்டையைக் காட்டிய பிறகும் வீட்டுக்காரர் "உன் பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். 2020-ல் அவளுடைய அக்கா சென்னையில் வேலையில் இருந்தபோது தெருவில் போகிறவர்கள் அவளைப் பார்த்து கொரோனா என்று கத்தியிருக்கிறார்கள். அந்த மார்ச் மாதம் வடகிழக்கு மக்களை இப்படி இழிவுபடுத்துவதைத் தடுக்கச் சொல்லி மத்திய உள்துறை எல்லா மாநிலங்களுக்கும் கடிதமே அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு நாடு முழுவதும் நடந்திருக்கிறது.

"அன்னைக்கு நீயும் ஏம்மா சிரிச்சே?" என்று கேட்டேன். "சிரிக்கலைன்னா உங்க எல்லாருக்கும் சங்கடமா இருக்கும்ல அக்கா" என்றாள். சிரிக்கிறாள், அதனால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

2007 ஜனவரி நினைவிருக்கிறதா? பிரிட்டனில் நம்ம பிக் பாஸ் மாதிரி ஓடும் செலிபிரிட்டி பிக் பிரதர் வீட்டுக்குள் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டி இருந்தார். அவர் சமைத்ததைக் குறை சொன்னார்கள், பேசும் விதத்தைப் பழித்தார்கள், பெயரை ஒழுங்காகச் சொல்லாமல் ஷில்பா பாப்படம் (அப்பளம்) என்றார் சக போட்டியாளர் ஜேட் கூடி. இனத்தை வைத்துச் சொல்லவில்லை என்று பிறகு சமாதானமும் சொன்னார். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்புக்கு 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த விளம்பர நிறுவனம் விலகிக்கொண்டது. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். கடைசியில் ஷில்பாவே ஜெயித்தார். எங்கள் தெருவிலும் அதுதான் பேச்சு. நம்ம நாட்டுப் பெண்ணை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று அம்மாவுக்கு அவ்வளவு கோபம்.

அந்த மே மாதம் ஆஃப்காம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம் சாட்டியது அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பிய சேனல் 4 நிறுவனத்தை. அதன் கண்டனத்தை அந்த சேனலே தன் திரையில் ஒளிபரப்ப வேண்டும் என்றும் உத்தரவிட்டது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பேசியவர்களை மட்டும் திட்டிவிட்டு விட்டிருந்தால், பேசியதைத் தேர்ந்தெடுத்து ஒளிபரப்பியவர்கள் தப்பித்திருப்பார்கள். ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்ததை ஒரு மணி நேரமாக வெட்டித்தான் நம்மிடம் தருகிறார்கள். துணி வெட்டுகிற எனக்குத் தெரியும், எந்தத் துண்டு மேலே தெரிய வேண்டும், எது உள்மடிப்புக்குள் போக வேண்டும் என்பது கத்தரி பிடித்தவர் கையில்தான் இருக்கிறது. அந்த சிங் சாங்கைக் காமெடி நிகழ்ச்சியில் எழுதியவர், ஒத்திகை பார்த்தவர், சிரிப்புச் சத்தம் சேர்த்தவர், ஒளிபரப்பலாம் என்று ஒத்துக்கொண்டவர் என்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஒருவருக்குக்கூட வேண்டாம் என்று தோன்றவில்லை.

2017 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. நொய்டா பக்கம் ஆப்பிரிக்க மாணவர்களை அடித்த சம்பவம் பற்றி அல் ஜசீரா விவாதத்தில் பேசிய முன்னாள் எம்.பி. தருண் விஜய், நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தென்னிந்தியர்களோடு எப்படி வாழ்வோம், எங்களைச் சுற்றிக் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்கிற மாதிரி சொன்னார். தமிழ்நாடே கொதித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் அப்போது இங்கே பதிவு போட்டேன், பழைய நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதே வருடம் ஜூன் 25-ல் தமிழில் பிக் பாஸ் தொடங்கியது. அந்த முதல் சீசனிலேயே சக போட்டியாளரின் நடத்தையைச் சேரி பிஹேவியர் என்று ஒருவர் சொல்ல, அது அப்படியே ஒளிபரப்பானது. எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் ஏப்ரலில் கொதித்த பலர், என் வாடிக்கையாளர்களையும் சேர்த்து, கோபத்தில் வந்த வார்த்தை, விடுங்க என்றுதான் சொன்னார்கள்.

வெளியூர்க்காரன் சொன்னால் அதற்கு இனவெறி என்று பெயர் வைக்கிறோம். நாம் சொன்னால் கலாய்ச்சோம் என்கிறோம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டிவி நிகழ்ச்சிகள் எத்தனை வருடமாகப் பிழைக்கின்றன! கறுப்பாக இருக்கிற போட்டியாளர் மேடையேறினால் கரண்ட் போச்சா என்று ஒரு வசனம். கட்டடம் கட்ட வந்த வடமாநிலத் தொழிலாளி என்றால் பான் போட்ட வாயும் அரைகுறைத் தமிழும். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காளவாசல் டீக்கடையில் அதே வசனத்தை அதே தொழிலாளியிடம் சொல்கிறார்கள். மும்பையில் லுங்கி ஹடாவோ என்று நம் ஆட்களை விரட்டிய கதையை என் பெரியப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கே இது உறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பாட்டுப் போட்டிகளில் நான் வேறொன்றும் கவனித்திருக்கிறேன். ஜாக்கெட் தைப்பவள், அதனால் என் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். கிராமத்திலிருந்து வரும் பெண் முதல் வாரம் தன் நிறத்தோடு நிற்பாள். வாரம் ஏற ஏற முகம் வெளுத்துக்கொண்டே போகும். கழுத்தும் கையும் மட்டும் அவள் நிறத்திலேயே இருக்கும். தாடைக்குக் கீழே கோடு போட்ட மாதிரி தெரியும். இப்போ எவ்வளவு அழகா ஆயிட்டே என்று நடுவர் சொல்வார், அந்தக் குழந்தை வெட்கப்பட்டுச் சிரிக்கும். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, 2020-ல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டார்கள். மேடை மேக்கப் பெட்டியில் ஒன்றும் மாறவில்லை.

அந்தக் கோடு என் கடைக்குள்ளும் வருகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள், "அக்கா, என் கலருக்கு இது எடுக்குமா?" என்று. மாம்பழ மஞ்சள் ஆசையாக எடுத்து வைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நானே எத்தனையோ பேரிடம் "இது வேணாம்மா, உன்னை இன்னும் டல்லாக் காட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று அம்மா என்னிடம் சொல்லும்போதெல்லாம் அது எனக்கு ஆறுதலாகவே கேட்டதில்லை. யாரோ என் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அந்தப் பழமொழி வரும். இத்தனைக்கும் பக்கத்திலே அழகர்கோவில். பதினெட்டாம்படிக் கருப்பர் மேல் சத்தியம் பண்ணினால் பொய் சொல்ல இன்றைக்கும் பயப்படுகிற ஊர் இது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு. பொழுதுபோக்கு சேனல்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்க, சேனல்காரர்களே சேர்ந்து 2011-ல் அமைத்த பிசிசிசி என்ற குழு இருக்கிறது. 2021-ல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தியபோது, புகாரை முதலில் சேனலுக்கு அனுப்பலாம், பதில் சரியில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆள் எழுதலாம். நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், திரையில் என்ன வந்தது என்பது வேண்டும். பிரிட்டனில் எழுதிய அத்தனை பேரும் தங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள்தானே.

நான் என் முதல் புகாரை அனுப்பிவிட்டேன். தமிழில் நான் எழுதியதை அந்த மணிப்பூர்ப் பெண்தான் இங்கிலீஷில் மாற்றித் தந்தாள். அந்த வேஷத்தை எப்படி விவரிப்பது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு எழுதினாள். டிவி இன்னும் ஓடுகிறது. அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வருகிறேன். இந்த வாரத்தில் மட்டும் மூன்று வரி சேர்ந்திருக்கிறது.