மாசமாக இருக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால்

"ஈறு நோயைக் கவனிக்காவிட்டால் குறைப்பிரசவம்தான்" என்று கர்ப்பிணிகளை மிரட்டும் பதிவுகள் பெருகிவிட்டன. வீட்டுப் பெரியவர்களோ, "மாசமா இருக்கும்போது பல்லில் கைவைக்கக் கூடாது" என்கிறார்கள். நடுவில் அந்தப் பெண் ஒன்பது மாதமும் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கிறாள்.

மிரட்டல் எங்கிருந்து வந்தது? 1996இல் அமெரிக்காவில் ஆஃபன்பாக்கர் என்ற ஆய்வாளரின் குழு 124 தாய்மாரை ஆராய்ந்தது. ஈறு நோய் முற்றியவர்களுக்குக் குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டது. உலகமே பரபரத்தது. ஆனால் 2006இல் 823 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு 21 வாரத்துக்கு முன்பும், மீதிப் பேருக்குப் பிரசவத்துக்குப் பின்பும் பல்லையும் ஈறையும் சுத்தம் செய்து பார்த்தார்கள். ஈறு நன்றாகத் தேறியது. குறைப்பிரசவம்? முன்பே செய்தவர்களிடம் 12.0 சதவீதம், பின்பு செய்தவர்களிடம் 12.8 சதவீதம், பெயருக்குத்தான் வித்தியாசம். 2009இல் ஆஃபன்பாக்கரே சுமார் 1,800 பேரிடம் சோதித்தும் பலன் கிடைக்கவில்லை. புகை, வறுமை, சர்க்கரை நோய் ஆகியவை ஈறையும் கெடுக்கும், பிரசவத்தையும் கெடுக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது; இரண்டும் சேர்ந்தே தென்பட அதுவும் காரணமாகலாம். ஈறு வைத்தியத்தை நான்காம் மாதத்தில் தொடங்குவதே தாமதமோ, அதனால்தான் பலன் இல்லையோ என்ற கேள்வியும் நிற்கிறது. மலாவியில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வில், சைலிட்டால் (பல்லைக் கெடுக்காத ஒரு இனிப்பு) சேர்த்த சூயிங்கம் மென்ற பக்கம் குறைப்பிரசவம் 12.6 சதவீதம், மெல்லாத பக்கம் 16.5. நம்பிக்கை தருகிறது, ஆனால் எட்டே மையங்களை இரண்டாகப் பிரித்துச் செய்தது, இன்னொரு நாட்டிலும் நிரூபணமாக வேண்டும்.

ஆகவே "கிளீனிங் செய்தால் குழந்தை நிறைமாதத்தில் பிறக்கும்" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதே ஆய்வுகள்தான் கர்ப்பத்தில் ஈறு வைத்தியம் பாதுகாப்பானது என்றும் காட்டின. நோய்பட்ட ஈறுக்கு வைத்தியம் செய்ய வேறு காரணம் எதற்கு?

கர்ப்பத்தில் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் கூடும்போது ஈறின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசியும். கொஞ்சம் அழுக்கு இருந்தாலே ஈறு வீங்கும். ரத்தம் வருகிறதே என்று பிரஷை நிறுத்துவதுதான் பெரிய தவறு, அழுக்கு சேர்ந்து கசிவு கூடும். மென்மையான பிரஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, தினம் இருமுறை, இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரம் பொறுத்துத் தேய்க்கலாம்.

பல் காரையை நீக்கும் ஸ்கேலிங்குக்கு வசதியான காலம் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை. வலியோ சீழோ இருந்தால் மாதம் பார்க்கவே வேண்டாம். லிக்னோகெயின் மரப்பு ஊசி போடலாம். கவசம் போட்டுப் பல் எக்ஸ்ரே எடுக்கலாம். 20 வாரத்துக்கு மேல் நாற்காலியில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். வலது இடுப்புக்கடியில் சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் சாய வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையும், டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக்குகளும் கூடாது.

பல்லிடுக்கில் சிவப்பாகக் கட்டி முளைத்தால் புற்றுநோய் என்று பதற வேண்டாம். பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்; பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கிவிடும். சுருங்காவிட்டால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.