பகல் கனவு கூச்ச சுபாவக்காரர்களின் நோயா?

“கூச்ச சுபாவம் உள்ளவர்கள்தான் பகல் கனவு காண்பார்கள், பிள்ளைகளுக்கு அது மனநோயின் அறிகுறி” என்று தண்டையார்பேட்டைப் பெற்றோரிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முழுக்கத் தவறு.

கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரைக் கைப்பேசி வழியே அவ்வப்போது கேட்டபோது, ஏறத்தாழ 47 சதவீதத் தருணங்களில் மனம் வேறெங்கோ இருந்தது. காசிமேட்டில் வாய் ஓயாமல் பேசியபடி கிழிந்த வலையைச் செப்பனிடும் மீனவரின் ஊசியும் ஒரு கண்ணியில் சட்டென்று நின்றுவிடுகிறதே!

குணத்துக்கேற்ப மாறுவது கனவின் போக்குதான். உளவியலாளர் ஜெரோம் சிங்கர் வகுத்த மூன்று பாணிகளில், புதியதை நாடுபவர்களிடம் இனிய, ஆக்கபூர்வமான கற்பனை மிகுதி. எளிதில் கலங்குபவர்களிடம் குற்றவுணர்வும் அச்சமும். ஒழுங்கு குறைந்தவர்களிடம் கவனச் சிதறல்.

படிப்பும் தூக்கமும் கெட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, ஜன்னலைப் பார்த்திருக்கும் பிள்ளையைத் தயவுசெய்து அதட்டாதீர்கள்.